தண்ணீரைத் திறந்துவிட்டால் போதுமா? மோட்டர் ஹோமைக் குளிர்காலத்துக்கு நிறுத்துவது பற்றி

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு: ஒன்டாரியோவில் இந்தக் கோடையில் பழைய கிளாஸ் சி மோட்டர் ஹோம் ஒன்று, அதாவது வேன் அடிச்சட்டத்தின்மேல் சமையலறை, கழிப்பறையோடு கட்டிய வீட்டு வண்டி, வாங்கியிருக்கிறீர்கள். ஃபோர்டு ஈ-450, பெட்ரோல் வண்டி. நவம்பர் முதல் ஏப்ரல் கடைசி வரை ஒரு திறந்தவெளி யார்டில் நிறுத்தப் போகிறீர்கள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாயிற்று, குழாய்களையும் திறந்து வைத்தாயிற்று. இது போதுமா, இல்லை பைப்பில் உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஊற்றியே ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, கார் கூலன்ட்டும் அதேதான் என்று ஒரு நண்பர் சொன்னது சரியா, மாதம் ஒருமுறை இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே சொல்லில் பதில்: போதாது, தவறு, வேண்டாம். ஏன் என்பதுதான் முக்கியம். காரணம் புரிந்தால் உங்கள் வண்டியில் எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. குழாயைத் திறந்து வைத்திருந்தால் அதற்குப் போக இடம் கிடைக்கும், அதனால் நீங்கள் செய்தது வீண் இல்லை. ஆனால் வண்டியில் இருக்கும் எல்லாத் தண்ணீரும் சரிவைப் பார்த்து ஓடி வந்துவிடாது. பம்பின் தலைக்குள், கழிப்பறையின் தண்ணீர் வால்வுக்குள், குழாய்ப்பிடியின் உள்ளே, தரைக்குக் கீழே தொய்ந்து கிடக்கும் பைப்பின் வயிற்றில் என்று ஆங்காங்கே இரண்டு ஸ்பூன், அரை டம்ளர் என்று தங்கிவிடும். இப்போதைய வண்டிகளில் இருக்கும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதை இணைக்கும் பிளாஸ்டிக் முட்டுகளும் வால்வுகளும் நெகிழாது, விரிசல் விட்டுவிடும். பைப்பின் விலை சொற்பம். அது உடைவது அலமாரிக்குப் பின்னால், தரைக்கு அடியில் என்பதால்தான் கூலி ஏறுகிறது. வசந்தத்தில் தண்ணீர் ஏற்றியதும் மெல்லக் கசிந்து ஒட்டுப்பலகைத் தரையை ஊறவைத்த பிறகுதான் கண்ணில் படும்.

எனவே முதலில் வடிப்பதை முழுமையாக வடியுங்கள். நன்னீர்த் தொட்டியின் வால்வைத் தவிர, வண்டிக்குக் கீழே தாழ்வான இடத்தில் இரண்டு வடிகுழாய்கள் இருக்கும், சூடு நீருக்கு ஒன்று, குளிர்ந்த நீருக்கு ஒன்று. பல வண்டிகளில் சிவப்பும் நீலமுமாக மூடி போட்டிருக்கும். இவற்றைத் திறக்காமல் மேலே குழாயை மட்டும் திறந்து வைத்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். எல்லாம் நின்றபின் பம்பை அரை நிமிடம் ஓடவிடுங்கள், தலையில் இருப்பதைத் துப்பிவிடும்.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இதுதான். கேஸிலும் மின்சாரத்திலும் அதை அணைத்து, தண்ணீர் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, உள்ளே ஒரு சூடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே அடிப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். சூடாக, அழுத்தத்தோடு கழற்றினால் மூடி பாய்ந்து வரும், கொதிநீர் முகத்தில் அடிக்கும். உங்கள் ஹீட்டர் சபர்பன் கம்பெனியுடையது என்றால் எஃகுத் தொட்டி. மூடியோடு சேர்ந்து ஒரு நீளமான ஆனோடு கம்பி வெளியே வரும். அதைக் கழற்ற 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைத்திருக்கும் கம்பி அது. முக்கால்வாசி கரைந்து உள்கம்பி தெரிந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். அட்வுட் கம்பெனி என்றால் அலுமினியத் தொட்டி, பிளாஸ்டிக் மூடி, ஆனோடு இருக்காது. அதில் ஆனோடு போடவும் கூடாது. தொட்டி காலியாகும்போது அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள் வரும். வளைந்த மூக்குக் குழாயால் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். ஹீட்டரின் மின் சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டி "தண்ணீர் இல்லை" என்று எழுதிவிடுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் ஹீட்டிங் காயில் கொஞ்ச நேரத்திலேயே எரிந்துவிடும்.

வடித்தபின் ஹீட்டருக்குப் பின்புறம், திரவம் தொட்டிக்குள் போகாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். வண்டியைப் பொறுத்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று வால்வு இருக்கும். திருப்ப மறந்தால் ஆன்டிஃப்ரீஸ் முதலில் அந்த 6 கேலன், அதாவது 22.7 லிட்டர் தொட்டியை நிரப்பப் போய்விடும். கேன் கேனாகக் காலியாகியும் சூடுநீர்க் குழாயில் நிறமே வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு இந்த வால்வைப் பாருங்கள். தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர் என்றால் இந்த முறை பொருந்தாது. அவற்றை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வடிக்கச் சொல்கிறது, கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். குடிநீர் ஃபில்டர் இருந்தால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு வெறும் கிண்ணத்தை மாட்டுங்கள்.

இப்போது ஆன்டிஃப்ரீஸ். கார் கூலன்ட்டும் இதுவும் ஒன்று என்று சொன்ன நண்பரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பெரும்பாலான கார் கூலன்ட் எத்திலீன் கிளைக்கால். அது நஞ்சு. சுமார் 100 மில்லி உள்ளே போனாலே பெரியவர் ஒருவரின் உயிருக்கு ஆபத்து, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இனிப்பாக வேறு இருக்கும் என்பதால் குழந்தைகளும் நாய்களும் விலக மாட்டார்கள். நீங்கள் பல் துலக்கும் குழாயில் அது ஓடவே கூடாது. மோட்டர் ஹோம்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் விற்பது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, நஞ்சற்றது. நிறத்தை நம்பாதீர்கள். சில கார் கூலன்ட்டும் இதே இளஞ்சிவப்பில் வருகிறது. லேபிளில் பெயரைப் படித்து வாங்குங்கள். மலிவான சிலவற்றில் எத்தனால் கலந்திருக்கும். உறைவதைத் தடுக்கும்தான், ஆனால் அது தீப்பற்றக் கூடியது, ரப்பர் சீல்களையும் உலர்த்தும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

கேனில் பெரிதாகப் போட்டிருக்கும் -50 என்ற எண் பலரைக் குழப்புகிறது. அது ஃபாரன்ஹீட், நம் செல்சியஸ் கணக்கில் -46 டிகிரி. அதுவும் திரவமாகவே இருக்கும் வெப்பநிலை இல்லை. அதுவரை பைப் வெடிக்காது என்பதற்கான எண். சுமார் -11, -12 டிகிரியிலேயே அது கூழாகத் தொடங்கிவிடும். கூழ் பரவாயில்லை, கல்லாக இறுகாது. ஆனால் அந்த எண் கலப்படமில்லாத திரவத்துக்குத்தான் பொருந்தும். பைப்பில் தேங்கிய தண்ணீரோடு கலந்தால் காப்பு குறையும். அதனால்தான் முதலில் நன்றாக வடிக்கச் சொன்னது. வெளிறிய ரோஜா நிறம் வந்ததும் குழாயை மூடிவிடாமல், கேனில் இருக்கும் அதே அழுத்தமான நிறம் வரும்வரை ஓடவிட வேண்டும்.

பம்பில் ஏற்றுவது சுலபம். பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில் ஒரு வால்வும் சிறு உறிஞ்சு குழாயும் சேர்ந்த கிட் கிடைக்கும். சில வண்டிகளில் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். குழாயைக் கேனுக்குள் விட்டு, வால்வைத் திருப்பி, பம்பைப் போடுங்கள். முதலில் பம்புக்குப் பக்கத்துக் குழாய், பிறகு தள்ளி இருப்பவை. ஒவ்வொன்றிலும் குளிர்ந்த நீர், சூடு நீர் இரண்டும் தனித்தனியாக. ஹீட்டரைப் பைபாஸ் செய்திருந்தால் உங்கள் அளவு வண்டிக்கு 3.78 லிட்டர் கேன் மூன்று போதும். கைவசம் நாலாவது ஒன்று இருக்கட்டும்.

மறந்துபோகும் இடங்கள் என்று சில உண்டு, வசந்தத்தில் உடைந்து கிடப்பவை பெரும்பாலும் இவைதான். வண்டிக்கு வெளியே பெட்டிக்குள் இருக்கும் ஷவர். கழிப்பறைப் பக்கத்துக் கைத்தெளிப்பான். ஷவர் தலையும் அதன் நெளிகுழாயும். வெளியிலிருந்து ஹோஸ் மாட்டும் நுழைவாய். இந்த நுழைவாயில் சல்லடையை எடுத்தால் உள்ளே ஒரு சின்ன ஒருவழி வால்வு தெரியும். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த வால்வின் நடுவில் குச்சியால் மெல்ல அழுத்துங்கள், இளஞ்சிவப்பாக நாலு சொட்டு வரும். அழுத்தத்தோடு அமுக்கினால் உள்ளே இருக்கும் வளையம் தெறித்துவிடும். கழிவுத் தொட்டியைக் கழுவுவதற்கென்று வெளியே தனி நுழைவாய் இருந்தால் அதன் பைப்புக்குப் பம்பிலிருந்து எதுவும் போகாது. அதைக் காற்றடித்துத்தான் காலி செய்ய முடியும். கடைசியாக சமையல் சிங்க், முகம் கழுவும் சிங்க், ஷவர் தரை மூன்றின் வடிகாலிலும் ஒரு டம்ளர், கழிப்பறைக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். சிங்குக்கு அடியில் வளைந்திருக்கும் பைப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதை இது தள்ளிவிடும். கிண்ணத்தில் நிற்பது கழிப்பறை சீலைக் காயாமல் வைக்கும்.

ஆன்டிஃப்ரீஸே வேண்டாம், கம்ப்ரஸர் வைத்து ஊதினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. இதில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. நன்றாக ஊதத் தெரிந்தவர் செய்தால் அதுவும் சரியாகவே வேலை செய்கிறது, வசந்தத்தில் வாடையும் இருக்காது. காற்றழுத்தம் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும். 50-ஐத் தாண்டினால் முட்டுகள் கழன்றுவிடலாம். ஆனால் தாழ்ந்த பைப்பில் இருக்கும் தண்ணீரின் மேலாகக் காற்று வழுக்கிப் போய்விடுவதும் உண்டு. காலியாகிவிட்டது என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி எதுவும் இல்லை. இளஞ்சிவப்பு நிறம் அந்தச் சாட்சியைத் தருகிறது. முதல் வருடம், உங்களுக்கு இன்னும் பைப் ஓட்டம் பழகாத வண்டி, இரவில் -25 வரை இறங்கக்கூடிய ஊர். என்னைக் கேட்டால் முதலில் ஊதி, பிறகு ஆன்டிஃப்ரீஸும் ஏற்றிவிடுங்கள்.

கழிவுத் தொட்டிகளை யார்டுக்குப் போகும் முன்பே கொட்டிவிடுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, அதன் பிறகு சிங்க் தொட்டி. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். ஆறு மாதம் காய்ந்து இறுகிய கழிவு வசந்தத்தில் லேசில் கரையாது.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வது பற்றி. பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைப்பது நல்லதைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்யும். எரியும் பெட்ரோலில் இருந்து உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்ஸரிலும் படிகிறது. அது ஆவியாகிப் போகும் அளவுக்கு இன்ஜின் சூடாவதில்லை. பேட்டரியிலிருந்து எடுத்ததும் முழுதாகத் திரும்பிச் சேர்வதில்லை. அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். நிறுத்துவதற்கு முன் ஆயில் மாற்றுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் ஆறு மாதம் பேரிங்குகளில் ஊறிக் கிடக்க வேண்டாம்.

பெட்ரோல் தொட்டியை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள். சாதாரணமாக 10 லிட்டருக்கு 30 மில்லி என்ற கணக்கு. 208 லிட்டர் தொட்டி என்றால் 625 மில்லி அளவுக்கு வரும். புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஊற்றியபின் இன்ஜினைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஜெனரேட்டரையும் தனியாகக் கால் மணி நேரம் ஓட்டுங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த வகை வண்டிகளில் ஜெனரேட்டர் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது. கார்புரேட்டர் உள்ள மாடலாக இருந்தால் உள்ளே நிற்கும் கொஞ்சம் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, ஊசித் துளை அளவே இருக்கும் ஜெட்டை அடைத்துவிடும். ஏப்ரலில் ஸ்டார்ட் ஆகி, ஏறி இறங்கி மூச்சு வாங்கி அணைந்துபோகிற ஜெனரேட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மாதம் ஒருமுறை யார்டுக்குப் போக முடிந்தால் இன்ஜினை விட்டுவிட்டு ஜெனரேட்டரை மட்டும், ஒரு ஹீட்டரை மாட்டிச் சுமையோடு ஓடவிடலாம்.

பேட்டரியைக் குளிர் கொல்வதில்லை, காலியாக இருப்பதுதான் கொல்கிறது. முழுச் சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி -50-க்கும் கீழே போனால்தான் உறையும். காலியானது -7 அளவிலேயே உறைந்து பெட்டி வெடிக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டேனே என்று நினைப்பீர்கள். கேஸ் கசிவு அலாரம் மட்டும் 0.1 ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றே வாரத்தில் பாதியாகிவிடும், கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஏறக்குறைய காலி. வண்டியில் இருக்கும் துண்டிப்புச் சுவிட்ச் எல்லாவற்றையும் துண்டிக்கிறது என்று நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அலாரம் அதைத் தாண்டி நேராக மாட்டியிருக்கும். மின்சாரம் இல்லாத யார்டு என்றால் உள்விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் தரும் பேட்டரி, இன்ஜின் பேட்டரி இரண்டையும் முழுச் சார்ஜ் செய்து, முதலில் நெகடிவ் வயரைக் கழற்றி, வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் நல்லது, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜில் போடுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்பது பழைய காலப் பெட்டிகளுக்குச் சொன்னது, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. லித்தியம் பேட்டரி என்றால் கதை வேறு: பாதிச் சார்ஜில் வைத்தால் போதும், பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் மட்டும் ஏற்றவே கூடாது.

இன்ஜின் கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் -37 வரை தாங்கும். முந்தைய உரிமையாளர் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கலாம் என்பதால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் திரவத்தையும் பாருங்கள். கோடைத் திரவம் இருந்தால் -40 போட்டதை ஊற்றி, கண்ணாடியில் அது வரும்வரை பீய்ச்சுங்கள். கோடைத் திரவம் உறைந்தால் அதன் பம்பும் சிறு பைப்பும் உடைந்துவிடும்.

பைப்புக்கு அடுத்தபடியாக அதிக நாசம் செய்வது சுண்டெலி. பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் அது நுழைந்துவிடும். பகலில் உள்ளே விளக்கைப் போட்டுத் தேடினால் தெரியாது. இருட்டியபின் ஒருவர் உள்ளே விளக்கோடு இருக்க, மற்றவர் அடியில் படுத்துப் பார்த்தால் ஒளி கசியும் இடமெல்லாம் வாசல்கள். கேஸ் பைப், கழிவுப் பைப், மின்கேபிள் தரையைத் துளைக்கும் இடங்களை முக்கியமாகப் பாருங்கள். ஃபோம் மட்டும் அடித்தால் கடித்துத் துப்பிவிடும். செம்பு வலையைத் திணித்து அதன்மேல் ஃபோம் அடியுங்கள். ஸ்டீல் வுல் துருப்பிடித்து உதிரும். புதினா எண்ணெய், துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாள், இவை வேலை செய்யும் என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளையே கிழித்துக் கூடு கட்டியிருப்பதும் நடக்கிறது, அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அரிசி, பருப்பு, பிஸ்கட், சோப்பு, மெழுகுவத்தி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. டப்பாவில் மூடி வைத்த மசாலாகூட வேண்டாம். வசந்தத்தில் எச்சம் கண்டால் பெருக்காதீர்கள். மான் சுண்டெலி என்ற வகையின் எச்சத் தூசியில் ஹான்டா வைரஸ் இருக்கக்கூடும். கையுறை, முகக்கவசம் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்து, துடைத்து எடுங்கள்.

கூரைக்கு நீங்களே ஏறிப் பார்ப்பதுதான் நல்லது. காற்றுத்துளை மூடி, ஏசி, ஏணிக்கால் ஆகியவற்றைச் சுற்றி இருக்கும் சீலன்ட்டில் நகக்கீறல் அளவு பிளவு போதும். அதில் நுழைந்த நீர் உறைந்து உறைந்து அதை அகலப்படுத்தும். ரப்பர் கூரை என்றால் அதற்கென்று உள்ள லேப் சீலன்ட்தான் போட வேண்டும், சிலிக்கான் ஒட்டாமல் உரிந்துவிடும். நீலத் தார்ப்பாயால் போர்த்த வேண்டாம். காற்றில் அடித்து அடித்துப் பெயின்டைத் தேய்க்கும், அடியில் ஈரத்தை அடைக்கும். பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி (ஸ்லைடு அவுட்) இருந்தால் உள்ளே இழுத்தே நிறுத்துங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவை சிங்குக்குள் வையுங்கள், அது நிரம்பி வழிந்தால் மரத்தையும் உலோகத்தையும் கெடுக்கும். ஃப்ரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தே கட்டி வையுங்கள். கேஸ் தொட்டி வால்வை மூடுங்கள்.

டயரில் கையேடு சொல்லும் அளவுக்குக் காற்று வையுங்கள், குளிரில் தானாகவே குறையும், சுமார் 5.5 டிகிரிக்கு இரண்டு சதவீதம் அளவில். டயரின் அகலம் முழுவதும் பதியும் பலகையின்மேல் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு ஆறு மாதம் விட்டால் டிரம்மில் ஒட்டிக்கொள்ளலாம். கியரைப் பார்க்கில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

ஏப்ரலில் திறக்கும்போது முதல் வேலை, ஹீட்டரைப் பைபாஸிலேயே வைத்துக்கொண்டு, நிறமும் நுரையும் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுவது. பிறகு மூடியைப் போட்டு, பைபாஸைத் திருப்பி, 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வாசனையில்லாத ப்ளீச் என்ற கணக்கில் கலந்து எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அதன்பின் எல்லாக் குழாயையும் மூடி, பம்பைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். ஓடி, அழுத்தம் ஏறி, நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் தொடாமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை அது "டர்ர்" என்று தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. பம்பை அணைத்துவிட்டு டார்ச்சோடு முதலில் கழிப்பறைக்குப் பின்னால் பாருங்கள்.